கடல் தண்ணீரில் ஊறிய கருநீல ஸ்கர்ட்

சென்ற வாரம் என் மகளின் பள்ளிச் சீருடை ஓர் அட்டைப்பெட்டியில் மாத்தூர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. போனில் அளவைத் தட்டினால் போதும், ஆள் வந்து மணியடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் செய்தது, ஸ்கர்ட்டை எடுத்து முகர்ந்து பார்த்ததுதான். "ஏம்மா, புதுத் துணியில என்னத்தம்மா மோப்பம் பிடிக்கிற?" என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் மாதம் பிறந்தால் இந்த வயதிலும் எனக்குப் புதுச் சீருடையை முகர்ந்து பார்க்காமல் முடியாது. எல்லாம் ஒரே ஒரு ஸ்கர்ட் செய்த வேலை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்தில் வீடு. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போவார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பாள். குப்பத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட, ராயபுரத்தில் ஒரு பெரிய பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் வாங்க அம்மா நடையாய் நடந்தாள். இடம் கொடுத்த கையோடு அவர்கள் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். கருநீல ஸ்கர்ட், வெள்ளைச் சட்டை. முதல் நாளே முழுச் சீருடையில் வராத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை.

அதைப் படித்துக் காட்டியபோது அப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "மொத நாளே திருப்பி அனுச்சாங்கன்னா அப்பால அழுதுகினு நிக்கக் கூடாது. மறுநாளே பெரியம்மாகூட எறா உரிக்கப் போயிடணும், இன்னா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னார். பெரியம்மாவின் கை எனக்குத் தெரியும். கொட்டகையில் உட்கார்ந்து நாள் முழுக்க, ஐஸில் கிடந்த எறாலை உரித்து உரித்து விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும். சோறு பிசையும்போது எரிகிறதென்று கரண்டியால் சாப்பிடுவாள். அந்தக் கைதான் எனக்குக் காத்திருந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அம்மாவும் நானும் டோல்கேட்டில் பஸ் பிடித்து, பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் எம்.சி. ரோட்டுக்குப் போனோம். கிளம்புமுன் அம்மா இரண்டு முறை குளித்தாள். கையில் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். கல்யாணத்துக்குக்கூட அவள் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை.

கடையில் மூச்சுவிட இடமில்லை. எங்கள் முறை வந்து, கடைக்காரர் ஸ்கர்ட்டை மேசையில் போட்டதும் அம்மா கையை நீட்டினாள். அவர் துணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தொடாம பாரும்மா. வாசனை ஏறிடுச்சின்னா வேற யாருக்குக் குடுக்கிறது?" என்றார். பக்கத்தில் துணி வாங்க நின்ற ஓர் அம்மாள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். எனக்கு அங்கேயே அந்த முந்தானையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. மார்க்கெட்டில் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்லும் என் அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீ புடிச்சிப் பாரு கண்ணு. கெட்டியா கீதா? ஓரத்த மடிச்சி வுட துணி கீதா?" என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். இரண்டு வருஷம் தாங்கும்படி பெரிய அளவு. பொட்டலத்தைக் கட்டும்போது கடைக்காரர், "கருநீலம் சாயம் விடும். உப்புத் தண்ணியில ஒருவாட்டி ஊற வெச்சிட்டுப் போடுங்க, இல்லன்னா வெள்ளைச் சட்டை போச்சு" என்றார். வழியெல்லாம் பொட்டலத்தை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் தண்ணீர் இல்லை. அது லாரித் தண்ணீர்க் காலம்; வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. குடிக்கிற தண்ணீரில் உப்பைக் கொட்ட அம்மாவுக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "கடல் தண்ணியே உப்புதானம்மா?" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாய்யா, இஸ்கூல்ல போய்க் குந்தறதுக்கு முன்னாடியே என் பொண்ணுக்கு மூளை எப்டி வேலை செய்து" என்று அப்பாவிடம் பெருமை வேறு. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படகுகள் நிற்கும் பக்கம் கூட்டமாக இருந்ததால், ஃபேக்டரிக் கால்வாய் கடலில் விழும் பக்கம் மொண்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

மத்தியானம் நான் வாளியிலிருந்து ஸ்கர்ட்டை எடுத்தபோது முன்பக்க மடிப்பு முழுக்கக் கறுப்பாகத் தாரும் எண்ணெயும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தன. தேய்க்கத் தேய்க்க அகலமாகிக்கொண்டே போனது. மறுநாள் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. இன்னொரு ஸ்கர்ட்டுக்கு வழியும் கிடையாது. அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அப்பா எழுந்து வந்தார். ஸ்கர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அதான் மொதல்லியே சொன்னேன்" என்று சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே போய், ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்தார். படகில் கையில் ஒட்டும் தாரை அவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள். பழைய பனியனைக் கிழித்து, நனைத்து, ஒவ்வொரு திட்டாக ஒற்றி ஒற்றி எடுத்தார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவே இல்லை. பாட்டில் காலியானது, அன்றைக்கு அடுப்பு எரியவில்லை, ஸ்கர்ட்டில் தார் இல்லை. ஆனால் நாற்றம் இருந்தது. நான் இரண்டு முறை சோப்புப் போட்டும், கடல் காற்றில் உலர்த்தியும் போகவில்லை. அம்மா எட்ட நின்றபடியே பவுடரைக் கொட்டினாள். இரண்டும் சேர்ந்து இன்னும் பேஜாராகிவிட்டது.

திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மா வழக்கம்போலக் காசிமேட்டுக்குக் கிளம்பினாள். "நீயும் வாம்மா" என்று அழுதேன். "நான் வந்தா என் நாத்தமும் சேந்துக்கும். உங்க நைனாகூடப் போ" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு போய்விட்டாள்.

பள்ளி கேட்டுக்கு எதிர்ப்புறம் அப்பா சுவரோரமாக நின்று பீடி பற்ற வைத்தார். திருப்பி அனுப்பினால் கூட்டிப்போகத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டருகில் ஒரு டீச்சர் வரிசையாக நகம், ரிப்பன், சீருடை பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நாலு பேர், மூன்று பேர், இரண்டு பேர். என் முறை வந்தது. டீச்சர் குனிந்தார், நிமிர்ந்தார். மறுபடி குனிந்து முகர்ந்தார். "மண்ணெண்ணெயா?" என்றார். என் தோளைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே எடுத்தார். திரும்பிப் பார்த்தேன். அப்பா பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு ரோட்டைக் கடக்க ஆரம்பித்திருந்தார். முடிந்தது, நாளைக்கு எறால் கொட்டகை என்று நினைத்தேன்.

டீச்சர் என்னை வெளியே தள்ளவில்லை. உள்ளே வராந்தாவுக்குக் கூட்டிப்போய், எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை ஏற்றி என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்ல ஏதாவது சண்டையாம்மா? யார் ஊத்தினது? பயப்படாம சொல்லு. அம்மா எங்க? அம்மா நல்லா இருக்காங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா மீனு எடுக்கப் போயிருக்குது டீச்சர்" என்றேன். பிறகு அழுகையோடு அழுகையாக உப்புத் தண்ணீர், கடல், தார், அப்பாவின் பனியன் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரேயருக்குப் போ" என்றார்.

எங்கள் தெருக்களில் அந்த நாற்றத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி எத்தனை பெண்களைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை நானே பார்க்கும் வயது வந்தது. அந்த டீச்சர் எதையோ பார்த்திருக்க வேண்டும். வாசலில் வந்து நின்ற அப்பாவையும் அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்திருக்கிறார். "உங்க டீச்சரு இன்னா, என்னை அப்டி மொறைக்குது?" என்று அப்பா பல நாள் கேட்டார். நாள் முழுக்க என் ஸ்கர்ட்டை ஒற்றி எடுத்த மனுஷன். அவரிடம் அதை எப்படிச் சொல்வது? கடைசிவரை சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நான் சீருடையைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன்; அம்மா கூடையோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரப் பயம். "இன்னா சொல்லித் திருப்பினாங்க?" என்றாள்.

"திருப்பல. உள்ள வுட்டாங்க. நீ நல்லா கீறியான்னு கேட்டாங்க."

"யாரு? என்னையா?"

"ஆமா. டீச்சர் என் கையப் புடிச்சிக்கினு கேட்டாங்க. ரெண்டு வாட்டி."

அம்மா கூடையை இறக்கினாள். ஸ்கர்ட் வாங்கி மூன்று நாளாகியும் அவள் அதில் விரல் வைக்கவில்லை. இப்போது செதில் ஒட்டிய கையைக்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் ஓரத்தை மெதுவாகப் பிடித்துப் பார்த்தாள். "நல்ல துணிதான்" என்றாள். நான் நகரவில்லை.