சென்னையில் பல் கட்டலாமா?

பிரான்சில், ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு தேநீர்க் கடையில் வடைக்காக நிற்கிறேன். நான் சென்னைக்காரி என்றதும் கடைக்கார அண்ணை வாயைத் திறந்து, கடைவாய்ப்பல் போன இடத்தைக் காட்டுகிறார்.

"சென்னையிலை மலிவா இம்ப்ளான்ட் வைக்கலாமாம். போகட்டோ, தங்கச்சி?"

"நானும் அங்கதான் வெச்சேன், அண்ணா. தாடை எலும்புல ஸ்க்ரூ பிடிக்கவே மாசக்கணக்காச்சு. நடுவுல சீழ் வெச்சிருச்சு. டாக்டர் பக்கத்துத் தெருவுல இருந்ததால தப்பிச்சேன்."

"இஞ்சை திரும்பி வந்தாப்பிறகு அப்பிடி நடந்தால், ஆரிட்டைப் போறது?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்!" என்கிறார் உள்ளே வடை சுடும் அவர் மனைவி.

அண்ணை சிரித்துவிடுகிறார். உடனே இங்குள்ள பல் வைத்தியருக்கு போன் செய்து, பிரெஞ்சில் பேசி நாள் குறிக்கிறார்.

"பல்லை இஞ்சையே கட்டிப்போட்டுச் சென்னைக்கு வாறன், தங்கச்சி. முறுக்குச் சாப்பிட!"