காய்ச்சலோடு சுற்றிப் பார்த்த பினாங்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில், பினாங்கில் நடந்தது இது. அப்போது நானும் என் வீட்டுக்காரரும் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி இந்த மலாயா நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் கண்டதெல்லாம் மரமும் கொசுவும் முறைக்காய்ச்சலும்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு, அழைத்து வைத்த விருந்தாளி போலத் தவறாமல் வந்துவிடும். கொய்னா மருந்து தின்று காது அடைத்ததுதான் மிச்சம். கடைசியில், ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால்தான் பிழைப்பாள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தோடு என்னைக் கப்பலேற்ற ஏற்பாடாயிற்று.

நான் சும்மா கிளம்பவில்லை. "போனா போனதுதான். இந்தச் சீமைக்கு இனிமே வரமாட்டேன். வேணும்னா நீங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு அங்க வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவருக்கோ ஊரில் நிலமும் இல்லை, நாதியும் இல்லை. பிழைப்பு இங்கேதான். மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். நான் திரும்பி வராவிட்டால் எங்கள் குடித்தனம் அதோடு முடிந்தது என்பது இருவருக்குமே தெரியும்.

காய்ச்சலோடு போனால் துறைமுகத்து டாக்டர் கப்பலில் ஏற விடமாட்டார். அதனால் காய்ச்சல் வராத நாளாகப் பார்த்துத்தான் கப்பல் பிடித்தோம். ஆனால் அதற்கு முதல் நாள், பினாங்கில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நாள், காய்ச்சல் நாளாகப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். "அது மத்தியானந்தானே வரும்? அதுக்குள்ள பினாங்கைப் பாத்துடலாம், வா" என்றார். பெண்டாட்டியின் காய்ச்சலை ரயில் வண்டி மாதிரி நம்பி ஊர் சுற்றக் கிளம்பிய புருஷன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஊரைக் காட்டி என் மனதைத் திருப்பப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

காலையிலிருந்தே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஒரே குடை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் போல மணிக்கூண்டைக் காட்டினார், மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராம் வண்டியைக் காட்டினார். "எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார். "இருக்கு" என்பேன். சேலை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு எந்த மணிக்கூண்டு அழகாகத் தெரியும்?

கடைசியாகக் கடற்கரையைப் பார்த்துவிடலாம் என்று தஞ்சோங் பூங்கா என்ற கடலோர ஊருக்கு ஒரு குட்டி பஸ்ஸில் ஏற்றினார். அதற்கு அங்கே கொசு பஸ் என்று பெயராம். "கொசு கடிச்சு வந்த காய்ச்சலை இந்தக் கொசுவிலேயே ஏத்தி அனுப்பிடுவோம்" என்றார். அன்றைக்கு நான் சிரித்தது அப்போதுதான்.

அந்த மழையிலும் கடற்கரையில் கூட்டம். மலாய்க்காரர்களும் நம் தமிழ் முஸ்லிம்களும் குடும்பம் குடும்பமாகப் படுதா கட்டி, சோற்றுப் பானைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என்ன விசேஷம் என்று யோசிப்பதற்குள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குடை காற்றில் திரும்பிக்கொண்டது. ஒதுங்க ஓடினோம். பாதி வழியில் என் நகம் நீலம் பாரித்தது. பல் தந்தியடித்தது. நம்பின காய்ச்சல் அன்றைக்கென்று முன்னாலேயே வந்துவிட்டது. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணே! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தப் பிள்ளைய இங்க கொண்டாங்கலா!" பக்கத்துப் படுதாவிலிருந்து ஒரு பெண், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த ஊர்த் தமிழில் குரல் கொடுத்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், நல்ல பருமன். உள்ளே இருந்த பெண்கள் அவரை வெளியே நிறுத்திவிட்டு என் ஈரச் சேலையை உரித்து, கையில் அகப்பட்ட கைலியையெல்லாம் சுற்றினார்கள். யார், எந்த ஊர் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. குளிர்காய்ச்சல் கண்டவர்களுக்குத் தெரியும், எவ்வளவு போர்த்தினாலும் எலும்பு நடுங்கும். யாராவது மேலே அழுத்திப் பிடித்தால்தான் கொஞ்சம் அடங்கும். அந்தப் பருமனான பெண் என்னைக் கட்டிப் பிடித்து முழுப் பாரத்தையும் என்மேல் போட்டாள். "என் உடம்பு ஒருத்திக்கு ஒதவுறது இன்னிக்குத்தான்லா" என்று சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள். வெளியே நின்றவருக்கும் திட்டு விழுந்தது. "சாக்கிட்காரிய மழையில ஜாலான் ஜாலான் கூட்டிப் போவாங்களா அண்ணே?" மலாயில் சாக்கிட் என்றால் நோய், ஜாலான் ஜாலான் என்றால் ஊர் சுற்றல்.

மற்றப் பெண்கள் கடலுக்குக் கிளம்பி அவளையும் கூப்பிட்டார்கள். அவள் என்னை விட்டு அசையவில்லை. என்ன விசேஷம் என்று நடுக்கத்தோடு கேட்டேன்.

"எங்க சஃபர் மாசத்துக் கடைசி புதன், தங்கச்சி. கடல்ல முங்கி எந்திரிச்சா பீடையெல்லாம் போயிரும்னு வருசா வருசம் வருவோம்" என்றாள்.

"அப்ப நீங்க போங்கக்கா. என்னால உங்க குளியல் கெட்டுப் போகுது."

"முங்க வேண்டியவ நீதான். ஒன்னை எறக்கினா ஒன் மாப்பிள்ளை அழுதுருவாரு. பேரைச் சொல்லு, ஒனக்கும் சேத்து நானே முங்குறேன்."

சொன்னேன். நடுக்கம் குறைந்து உடம்பு கொதிக்கத் தொடங்கியதும் அவள் எழுந்து போனாள். படுதா ஓரத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருமுறை முங்கி எழுந்தாள். பிறகு கரைக்குக் கேட்கும்படி என் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் முங்கினாள். அந்த முறை எழ நேரமானதில் எனக்குப் பயமே வந்துவிட்டது. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எழுந்தாள். நான் அழுதேன். பெற்ற தாயைத் தவிர எனக்காக ஒருவர் இப்படி எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. படுதாவுக்கு வெளியே என் வீட்டுக்காரரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழை நீர் என்று பிறகு சாதித்தார்.

சூடான கஞ்சி குடிக்க வைத்து, அவர்கள் வந்த வண்டியிலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. மறுநாள் துறைமுகத்து டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போகலாம்" என்றார். கப்பலடியில் என் வீட்டுக்காரர் என் மூட்டையை இறக்கி வைத்தார். நான் சொன்னேன்: "நல்ல கொசுவலையா ஒண்ணு வாங்கிக் கட்டி வைங்க. நான் வரும்போது அது இல்லேன்னா அடுத்த கப்பல்லயே திரும்பிடுவேன்." அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உடம்பு தேறித் திரும்பி வந்தேன். குணமானது மருந்தாலா, ஊர்த் தண்ணீராலா, அந்தக் கடலாலா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணைப் பிறகு பார்க்கவேயில்லை. அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் பெயரைச் சொல்லி ஒருத்தி முங்கி எழுந்த கடல் இருக்கிற ஊரை, அதற்குப் பிறகு அந்நிய ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.