ஒரே நாள் கூடிய சபை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லுணுகலைக்குப் பக்கத்திலிருந்த ஒரு தமிழ்ப் பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு பதுளையில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரிக்கு எழுதுவினைஞராக வந்து, மாற்றல் கேட்காமலே தங்கிவிட்டவர். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். வளர்ந்ததெல்லாம் பதுளையில், சிங்களப் பிள்ளைகளோடு. காலை பஸ்ஸில் போய், பாடசாலை விட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன். என் வகுப்புப் பிள்ளைகள் குடியிருந்த தோட்டத்து வரிசைவீடுகள், அந்த லயங்கள், எந்த மலைக்குப் பின்னால் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மடுல்சீமையைச் சேர்ந்த ஒரு பெண் புதிதாக நியமனம் பெற்று வந்தாள். தாய் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவளுக்குச் சமூகக்கல்வி கொடுத்தார்கள். மெல்லப் பேசத் தெரியாதவள். ஆசிரியர் அறையில் அவள் சிரித்தால் மூன்றாவது வகுப்பறையில் பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஒருநாள் என் மேசைக்கு வந்து பாடப்புத்தகத்தை விரித்தாள். ரஷ்யப் புரட்சிப் பாடம்.

"டீச்சர், ஒரு சந்தேகம். எலக்சன்ல கூடுதலா ஓட்டு வாங்கினது விவசாயிங்க கட்சின்னு ஒரு வரி போட்டிருக்கு. அடுத்த வரியில வேற கட்சி ஆளுது. நடுவுல என்னாச்சு?"

"அது தோத்துப்போன கட்சி டீச்சர். சோதினையில கேள்வியா வராது," என்றேன்.

"ஜெயிச்சதுன்னுல்ல போட்டிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பட்டம் பெற்றவள் என்ற கௌரவத்துக்காக, பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவைத்தேன். பதுளை நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டு கிடைத்தன. பிற்பகலில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்வரை இருவரும் உட்கார்ந்து வாசித்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு, படிப்பித்தது போய்ப் படிப்பது திரும்பி வந்த மாதங்கள் அவை.

அந்தக் கட்சியின் கதை இதுதான். ரஷ்யக் கிராமங்களில் வேலை பார்த்த பள்ளி ஆசிரியர்கள், வைத்தியர்கள், படித்த இளைஞர்கள், விவசாயிகள் எல்லாரும் சேர்ந்த கட்சி. நிலம் யாருக்கும் சொத்து இல்லை, அரசனுக்கும் இல்லை, அரசாங்கத்துக்கும் இல்லை, அதில் பாடுபடுகிறவர்கள் பகிர்ந்து பயிர் செய்யட்டும் என்றார்கள். அவர்களில் ஒரு பிரிவு மந்திரிமார் மீது குண்டு எறிந்தது. அந்த வழி அவர்களுக்குள்ளேயே பெரும் சண்டையானது. அரசன் விழுந்த பிறகு நடந்த தேர்தலில் கிராமங்கள் அவர்களுக்கே அள்ளிக் கொடுத்தன. ஆனால் தேர்தலுக்கு முன்பே தலைநகரத்தில் இன்னொரு கட்சி ஆயுதத்தோடு ஆட்சியைப் பிடித்துவிட்டது. விவசாயிகளின் கட்சி சொன்ன நிலத் திட்டத்தையே எடுத்துத் தன் சட்டமாக்கிக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒரே ஒரு நாள் கூடியது. விடியற்காலையில் துப்பாக்கியோடு காவலுக்கு நின்ற ஒருவன், காவலர்கள் களைத்துவிட்டார்கள், எழுந்து போங்கள் என்றான். மறுபடி வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

அந்த இடம் வந்ததும் அவள் எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். "இத எங்க லயத்து ஆளுங்க கேக்கணும் டீச்சர்," என்றாள்.

அரசாங்கம் தன் கையிலிருந்த தோட்டங்களைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மலைகள் கைமாறின. லயத்தில் இருந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. பகலில் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும். அங்கேதான் அவள் பெண்களைக் கூட்டினாள். ஒருமுறை நானும் போனேன். பஸ் இறங்கி ஏறிய மலையில் எனக்கு மூச்சு வாங்கியது. தொட்டில் சேலைகள் கொக்கியில் சுருட்டியிருக்க, பாயில் இருபது பெண்கள்வரை இருந்தார்கள். அவள் தேர்தலையும் சபையையும் ஏதோ பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததுபோலச் சொன்னாள்.

"ஜெயிச்சவங்கள எப்படிம்மா வெளிய போன்னு சொல்ல முடியும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தொவக்கு வச்சிருந்தவன் சொன்னான். போய்ட்டாங்க."

"அப்ப ஓட்டுப் போட்ட ஜனங்க?"

"அவங்க ரொம்ப தூரத்துல இருந்தாங்க அக்கா. அவங்களுக்குத் தெரியவே நாளாயிருச்சு."

எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் காட்டுத்துண்டு யோசனை வந்தது. தேயிலை செத்து, மானாப்புல் மண்டிக் கிடந்த ஒரு சரிவு. பெண்கள் அதைத் துப்புரவாக்கி போஞ்சி, கோவா என்று காய்கறி போட்டார்கள். யாருக்கும் தனிப் பாத்தி இல்லை, வேலை செய்தவர்கள் பங்கு எடுத்தார்கள். தோட்டத்தை நடத்திய தொரை முதலில் கண்டுகொள்ளவில்லை. அடுத்தடுத்த போகத்தில் பக்கத்து டிவிசன் பெண்களும் வந்து கேட்டார்கள், எங்களுக்கும் ஒரு சரிவு பார்த்துத் தாருங்கள் என்று. அவள் என் மேசையில் ஒரு பை போஞ்சியை வைத்துவிட்டு, "கட்சி வளருது டீச்சர்," என்று சிரித்தாள். அந்தப் போஞ்சியை நான் பதுளைக்குக் கொண்டுவந்து சமைத்தேன். நல்ல பிஞ்சு.

மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, கம்பெனி அந்தச் சரிவைத் திருப்பிக் கேட்டது. பெண்கள் தர மாட்டோம் என்றார்கள். அதே மாதத்தில் கொழும்பில் குண்டு வெடித்து, எங்கும் சோதனையும் கைதும் நடந்தன. டீச்சர் ஒருத்தி பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டு 'இயக்கம்' பற்றிப் பேசுகிறாள் என்று யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் இயக்கம் என்றால் வடக்கில் ஆயுதம் எடுத்தவர்கள் என்றுதான் அர்த்தம். சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். அவளைக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லையாம், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை அனுப்பச் சொல்கிறார்கள் என்றார். "நீங்கள் போனால் அவவுக்கும் தைரியமாக இருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் அவள் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. அதிகாரி என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணம். அட்டையைத் திருப்பித் தரவில்லை, தன் முன்னால் மேசையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்கத் தொடங்கினார்.

கூட்டத்தில் என்ன பேசினாய் என்று கேட்டார். அவள் சொன்னாள், "ரஷ்யாவுல இருந்த ஒரு இயக்கத்தப் பத்தி."

அந்த ஒரு சொல்லுக்கு நான் தேவைப்படவில்லை. அதிகாரிக்குத் தமிழில் தெரிந்த சொல் அதுவாகத்தான் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அவசரமாக, அது எண்பது வருடத்துக்கு முந்திய விவசாயிகள் கட்சி, பொதுமக்கள் சேர்ந்து நடத்துவதை 'வியாபாரய' என்று சிங்களத்தில் சொல்வீர்களே, அந்த அர்த்தம் என்றேன். "இயக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்," என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை. சில வருடங்களுக்கு முன்புதான் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியில் இந்த மாகாணத்துத் தெருக்களில் உடல்கள் எரிந்து கிடந்தன. புரட்சி, நிலம், கூட்டம் என்ற சொற்கள் அவருக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குண்டு எறிந்தவர்களா என்று கேட்டார்.

"எறிஞ்சாங்க. மந்திரிமேல. அதுனால ஜனங்களுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னுதான் நான் சொன்னேன்," என்றாள். நான் முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். அவருடைய பேனா முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது.

பிறகு, தேயிலை பறிக்கும் பெண்களுக்கு எதற்காக ரஷ்யக் கதை என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். "அந்த ஜனங்களுக்கும் நெலம் இல்ல, எங்க ஜனங்களுக்கும் நெலம் இல்ல. அவங்க கேட்டாங்க. நாங்களும் கேக்கணும். அதுக்குத்தான்."

நான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ள கதை, பொழுதுபோக்காகச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். வாயில் அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. அவர் விட்டிருப்பாரா என்று தெரியாது, விடாமலும் இருந்திருக்கலாம். ஆனால் நான் அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல், நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். 'நாங்களும் கேட்க வேண்டும்' என்பதையும் சேர்த்து.

ஏன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும், அவள் சொன்னதை நான் மாற்றினால் அவளை அவமதித்தது போலாகும் என்று நினைத்தேன். இது உண்மை. மேசையில் கிடந்த என் அட்டையைப் பார்த்தேன், மாற்றிச் சொன்னது நாளைக்குத் தெரியவந்தால் நானும் உள்ளே என்று நினைத்தேன். இதுவும் உண்மை. எது முதலில் வந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆட்களிடம் சொல்லும்போது முதல் காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

அவளை அனுப்பவில்லை. முதலில் பதுளை, பிறகு தெற்கே ஒரு சிறை. வழக்கும் போடவில்லை, விடவும் இல்லை. நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை போக வெளிக்கிட்டபோது அம்மா அழுதார். உன்னையும் பதிந்துவைப்பார்கள் என்றார். போகாமல் இருக்க அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வருடம் பதுளையில் ஒரு பாடசாலைக்கு மாற்றல் கிடைத்தது. நான் கேட்டு வாங்கியதல்ல. ஆனாலும் கிடைத்த அன்று எனக்குள் வந்தது நிம்மதி.

மாற்றலாகிப் போவதற்கு முன் அவளுடைய தாயைப் பார்க்க மடுல்சீமைக்குப் போனேன். சரிவில் வேலி போட்டு டர்பன்டைன் மரக்கன்று நட்டிருந்தார்கள். பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பெண்களில் இருவர் எதிரே வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். அவர்கள்மீது எனக்கு என்ன குறை? தாய் தேத்தண்ணி கொடுத்தார். "நீங்க கூட இருந்தீங்கன்னு சொன்னாங்க. அது போதும் டீச்சரம்மா," என்றார். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளை விட்டார்கள். பதுளை பஸ் நிலையத்தில் சந்தித்தோம். மெலிந்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க டீச்சர். நான் சொன்னத அப்படியே சொன்னீங்க." அதற்கு மேல் பேச அவள் இடம் கொடுக்கவில்லை. மடுல்சீமை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் சமாதானப் பேச்சு நடந்த காலம் வந்தது. அவளுக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள், சம்பள நிலுவையெல்லாம் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. ஒருநாள் அவள் பதுளைக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு வாறீங்களா? அந்தப் பூட்டின கதவோட கதை நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அந்தக் கட்சிக்கு என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நீங்களே சொல்லலாமே?"

"எனக்கு வரல டீச்சர். ரெண்டு மூணு வாட்டி தொடங்கினேன். நீங்க சொல்லுங்க."

போனேன். இந்த முறை எட்டுப் பேர்தான். இளம் பெண்கள் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போய்விட்டிருந்தார்கள். நான் சொன்னேன். கட்சி இரண்டாக உடைந்தது. ஒரு பாதி ஆட்சியில் இருந்தவர்களோடு கொஞ்ச நாள் சேர்ந்திருந்தது, பிறகு சண்டை பிடித்து எழுந்தது, நசுக்கப்பட்டது. மறுபாதியின் தலைவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். சிலர் சிறையிலேயே முடிந்துபோனார்கள். தப்பி வெளிநாடு போனவர்கள், யாரால் தோற்றோம் என்று ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே கிழவர்களானார்கள். விவசாயிகளுக்குக் கொடுத்த நிலத்தை அரசாங்கம் சில வருடங்களில் திரும்ப எடுத்துக்கொண்டது.

"ஒருத்தரும் மிஞ்சலையா?" என்று கேட்டாள் முன்னால் இருந்தவள்.

"கட்சியாக மிஞ்சேல்லை அம்மா," என்றேன். அவர்களை வெறுங்கையோடு அனுப்புகிறேன் என்று கூச்சமாக இருந்தது. ஒருத்தி எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தாள். பேச்சு லயத்துக்கு முன்னால் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்ன வீடுகளுக்குத் திரும்பியது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமாம், ஒரு சிறு வீட்டுக்கான அளவு, அதன் உறுதிப் பத்திரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதாம். அதைக் கேட்கத் தொரையிடம் யார் யார் போவது என்று விவாதித்தார்கள். அவள் தன் பழைய குரலில் சத்தமாகப் பேசினாள்.

பஸ்ஸுக்கு என்னை அவளே கூட்டிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் நின்று கேட்டேன். "என்னில கோபம் இல்லையா?"

அவள் பாதையோரக் கொழுந்தொன்றைக் கிள்ளி எறிந்தாள்.

"இருந்துச்சு. உள்ள இருக்கும்போது ரொம்ப இருந்துச்சு. கொஞ்சம் மாத்திச் சொல்லியிருந்தா என்னன்னு நெனச்சு நெனச்சு அழுதிருக்கேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு டீச்சர். பொய் சொல்ல மாட்டேன்."

"பஸ் ஸ்டாண்டில வேற மாதிரிச் சொன்னியள்."

"அன்னைக்கு அதச் சொல்லத்தான் தெம்பு இருந்துச்சு."

பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் என் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடி, கையை நீட்டி அதை நிறுத்தினாள். அடுத்த மாதம் தொரையைப் பார்க்கப் போகும்போது கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். கூட வர முடியுமா என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியில் ஏறினேன். பதுளை வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவளுக்குத் தகவல் அனுப்பினேன், நானும் வருகிறேன் என்று. போனோம். தொரை எங்களை வெளி வராந்தாவில் நிற்க வைத்தே பேசினார். அன்று அவர் சொன்னதையும் பெண்கள் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.