வாழை மேட்டுக்கு ஏறாத தண்ணீர்

எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னை மிஷினைக் கெடுத்தவள் என்றுதான் அடையாளம் சொல்வார்கள். எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டில் நானே ஒரு வாஷிங் மிஷினை ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படியும் அந்தப் பெயர் போகவில்லை. நான் அந்த மிஷினைக் கெடுக்கவில்லை. வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. கரிக்கலாம்பாக்கத்தில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அந்த வருஷம்தான் அவர் கட்டிக்கொண்டு வந்த சித்தி, நான் என்று எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்திக்கு ஊர் செல்லிப்பட்டு. தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போனவள் ஆவணி பிறந்ததும் திரும்பி வந்தபோது, அவளுடைய அப்பா கூடவே ஒரு வாஷிங் மிஷினையும் சீராகக் கொண்டுவந்து இறக்கினார். கடையிலிருந்து மெக்கானிக் வந்து, குளியலறைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, அழுக்குத் தண்ணீர் போகிற பைப்பைச் சுவர் ஓட்டை வழியாக வெளியே விட்டு, ஒரு தடவை துவைத்தும் காட்டினார். வெளியே எடுத்த துணியை அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்றாள். மெக்கானிக் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தை அப்பா, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டினார். அச்சடித்த எதையும் அவர் அங்கேதான் வைப்பார்.

அப்பாவுக்கு மிஷினில் ஒரே ஒரு விஷயம்தான் பொறுக்கவில்லை. இரண்டு தொட்டித் தண்ணீர் சும்மா தெருச் சாக்கடைக்குப் போனது. நெல்லும் கரும்பும் போட்டு, ஒரு மடை உடைந்தால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மனிதர் அவர். வீட்டின் பின்னால், சித்தப்பாவுக்கு வீடு கட்ட லாரி லாரியாக மண்ணடித்து உயர்த்திய எங்கள் மனை ஒன்று இருந்தது. கட்டும்வரை சும்மா கிடப்பானேன் என்று அதில் வாழை வைத்திருந்தார். மறுநாள் காலையில் சித்தியும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், மிஷினின் பைப்போடு இன்னொரு பைப்பைச் சேர்த்து என் இடுப்பளவு உயரமான அந்த மேட்டின்மேல் ஏற்றினார். நான்தான் பைப்பைப் பிடித்துக்கொண்டேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாழை மரத்தோடு கட்டியபோது முடிச்சில் விரல் வைத்ததும் நான்தான். தண்ணீர் மேட்டில் ஏறுமா என்று கேட்டேன். நம் போர் மோட்டார் கடைசிக் கழனி வரைக்கும் தள்ளவில்லையா, மிஷினுக்குள்ளேயும் மோட்டார்தானே இருக்கிறது என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து மிஷின் மக்கர். துவைக்கும், சுற்றும், பிறகு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு நின்றுவிடும். மூடியைத் திறந்தால் சோப்புத் தண்ணீருக்குள் துணியெல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். சித்தி துணியைக் குறைத்துப் போட்டுப் பார்த்தாள். சோப்புத் தூளைக் குறைத்தாள். கரண்ட் குறைவாக வருகிறது என்று சித்தப்பா மதகடிப்பட்டிலிருந்து ஸ்டெபிலைசர் வாங்கி வந்தார். அம்மா தன் பங்குக்கு மிஷினுக்குச் சுற்றிப் போட்டாள். மெக்கானிக்குக்குப் போன் செய்தால் தினமும் நாளைக்கு வருகிறேன் என்றார். கடைசியில் சொட்டச் சொட்ட வெளியே எடுத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சித்தியும் நானும் போர்வைகளை முறுக்கிப் பிழிந்தோம். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. சித்தி மட்டும் சிரிக்கவே இல்லை.

பத்து நாள் பொறுத்த அப்பா, சனிக்கிழமை காலையில் தீர்ப்பு சொல்லிவிட்டார். முதல் நாள் காட்டுவதற்கு மட்டும் ஓடியிருக்கிறது, எவனோ மட்டமான மிஷினைத் தலையில் கட்டியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியில் ஏற்றிச் செல்லிப்பட்டில் இறக்கிவிட்டால் வாங்கினவர்களே மாற்றித் தரட்டும் என்றார். அவருக்கு அது விதைநெல் முளைக்கவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பது போலத்தான். சித்தப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். மாமனாருக்குப் போன் போட்டு, நாளைக்கு மிஷின் வருகிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.

சித்தி என்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மிஷினு இங்கேந்து திரும்பிப் போச்சின்னா எங்கப்பா ஊர்ல தல காட்ட முடியாதுடி. பொண்ணையே திருப்பி அனுப்பினாப்ல பேசுவாங்க. உங்கப்பாகிட்ட போயி அந்த மிஷினு புக்கை வாங்கினு வா."

அவளே போய்க் கேட்டிருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. அப்பா அவளுக்கு மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி வந்து நிற்க மாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். சாப்பாடு ஆகிவிட்டது என்பதிலிருந்து கொசுவர்த்தி தீர்ந்துவிட்டது என்பதுவரை அவர்களுக்குள் எது பேசினாலும் நான்தான் தூது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே பீரோவைத் திறந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுக் கழனிக்குப் போனார்.

சித்தி பன்னிரண்டாவது பாஸ். தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டியவள், ஒரு படத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"தண்ணி வெளிய போற பைப்பு எங்கடி போவுது?"

எனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டாளே என்று பெருமையாக அவளைப் பின்பக்கம் அழைத்துப்போய் வாழை மேட்டைக் காட்டினேன். அப்பா ஏற்றியதையும் நான் முடிச்சில் விரல் வைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சித்தி புத்தகத்தை என் முன்னால் நீட்டி விளக்கினாள். அந்த மிஷினில் தண்ணீர் தானாகத்தான் கீழே இறங்க வேண்டுமாம், தள்ளிவிடுகிற மோட்டாரெல்லாம் அதில் கிடையாதாம். பைப் தரையோடு கிடக்க வேண்டும் என்று படமே போட்டிருந்தது.

டியூபை அவிழ்த்துப் பைப்பை அவள் தரையில் போட்டதுதான் தாமதம், பைப்பில் தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீரெல்லாம் குபுகுபுவென்று வந்து என் காலை நனைத்தது. உள்ளே ஓடி மறுபடி மிஷினைப் போட்டோம். இந்தத் தடவை கத்தவில்லை. மேலே போகும் விமானம் மாதிரி ஒரு சத்தம் கொடுத்து, சுற்றிச் சுற்றித் துணியைப் பிழிந்து போட்டது. அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்ட சித்தி, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மிஷின் சரியானதற்கு ஒருத்தி அழுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா வந்ததும் நானே ஓடிப்போய், நீங்கள் கட்டிய பைப்தான் கோளாறு என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். சித்தி பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"அய்யய்யோ, அத மட்டும் சொல்லிடாத. நீதான் வெளையாடும்போது அவுத்துட்டன்னு சொல்லு. நான் பாத்ததாவே சொல்லாத."

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. ஆனால் இந்தப் பொய்யில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை. இருந்தாலும் அவள் பிடித்த கையை விடாததால், சரி என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் வந்த அப்பாவிடம், பைப்பை நான் தெரியாமல் அவிழ்த்துவிட்டேன், மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று ஒப்பித்தேன். அடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. அவர் பின்பக்கம் போய், தரையில் கிடந்த பைப்பையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வாசலுக்கு வந்து, வேலையிலிருந்து திரும்பிய சித்தப்பாவிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"மிஷினு மேல ஒண்ணும் இல்லடா. பாப்பாதான் பைப்பத் தூக்கி மேட்டுல கட்டி வெளையாடி இருக்குது. வண்டிய வேணாம்னு சொல்லிடு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நான் சொன்னது அவிழ்த்தேன் என்ற பொய். அவர் என்னைக் கட்டியவளாகவே ஆக்கிவிட்டார். வாயைத் திறக்கப் போனபோது அடுப்பங்கரைக் கதவோரம் சித்தி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நிற்பது தெரிந்தது. மூடிக்கொண்டேன். அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா வைத்த பெயர்தான் இன்றுவரை ஓடுகிறது. வீடு மட்டும் பத்து நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தது. சித்தி எனக்குத் தோசைமேல் தோசையாகப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னை பைக்கில் உட்கார வைத்து வில்லியனூர் வழியாகச் செல்லிப்பட்டுக்கு விட்டார். ஏன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சித்தியின் அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். திரும்பி வருகிற மிஷினை வைக்கத் தாழ்வாரத்தில் கட்டிலை நகர்த்தி, இடத்தைப் பெருக்கிவைத்திருந்தார். எங்களைப் பார்த்தவர் எங்களுக்குப் பின்னால், லோடு வண்டி எங்கே என்று ரோட்டையே பார்த்தார். லோடு வண்டி வேண்டாமென்று ஆன விஷயத்தைச் சித்தப்பா அவருக்குச் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. அப்பா செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"மிஷினு தங்கமா ஓடுது மாமா. பைப்ப மேட்டுல ஏத்தினது நான்தான். தப்பு எம்மேலதான், மனசுல வச்சிக்காதீங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். வெயில் அதிகம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அப்புறம் உள்ளே திரும்பி, கோழி அடிக்கச் சொல்லிச் சத்தம் கொடுத்தார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, பெருக்கி வைத்திருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றியும் மத்தியானம்வரை பேசிச் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. உண்மையைச் சொல்கிறவர் அதை நேற்று வாசலில் சொல்லியிருந்தால் என் பெயர் தப்பித்திருக்கும். இங்கே சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்த ஒரு பேச்சுக்காக யாராவது இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வருவார்களா என்று அப்பாவின் புத்தியை நினைத்து நொந்துகொண்டு, இரண்டாவது கோழிக்காலையும் கேட்டு வாங்கித் தின்றேன்.