பதினெட்டு மில்லிமீட்டர்

அண்ணி கோட்டு தைப்பவர். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை: இரண்டு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள். கல்யாணமாகி ஆறு வருடம். சினைப்பையில் நீர்க்கட்டி, மாதவிலக்கு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் மூன்று மாதம் எட்டிப் பார்க்காது.

"மாத்திரையில முட்டைக் குமிழ் பதினெட்டு மில்லிமீட்டர் வளரணும். அப்புறம்தான் முட்டை வெளிய வர ஊசி," என்று டாக்டர் சொன்ன அன்று, அண்ணி டப்பாவைக் கவிழ்த்து ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்தார். "இந்தாங்க, லேடீஸ் கோட்டு பட்டன். இவ்வளவுதான்," என்று அண்ணன் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார்.

முதல் மாதம் பதினொன்று. "சட்டைப் பட்டன்," என்றார் அண்ணி. இரண்டாம் மாதம் பதினைந்து. "கோட்டுக் கைப் பட்டன்." மறுநாள் வழக்கம்போல எட்டரைக்கு மெஷின் ஓடியது.

அளவு கொடுக்க வந்த பக்கத்துத் தெரு அக்கா, "விசேஷம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று இழுத்தார்.

"இருக்கேக்கா. உங்க இடுப்பு ரெண்டு இன்ச் கூடியிருக்கு," என்று டேப்பைச் சுருட்டினார் அண்ணி.

மூன்றாம் மாதம் மாத்திரையின் அளவு கூடியது. அண்ணன் லாரியோடு வெளியூரில் இருந்ததால் ஸ்கேனுக்கு நான் போனேன். திரையில் கறுப்புக் குமிழ்கள். பதினெட்டு வந்திருந்தது, ஒன்றல்ல, ஐந்து.

"இப்ப ஊசி போட்டா மூணு, நாலுகூடத் தங்கிடலாம். உங்களுக்கும் ஆபத்து, குழந்தைங்களுக்கும் ஆபத்து. இந்த மாசம் விட்டுடறதுதான் நல்லது," என்றார் டாக்டர்.

அண்ணன் போனில் கெஞ்சினார். "ஆறு வருஷம் காத்திருந்தாச்சு. இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்."

"ஏங்க, ஒரு கோட்டுத் துணியில அஞ்சு கோட்டு வெட்டினா ஒண்ணாவது உருப்படுமா? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அண்ணியின் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. பஸ்ஸில் மட்டும் என்னிடம் ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டார். வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த முறை மாத்திரை குறைந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"இந்தத் தடவை ஒண்ணுதாம்மா வளர்ந்திருக்கு."

"எவ்வளவு டாக்டர்?"

"பதினெட்டு."

அண்ணி அதற்குள் எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"ஒண்ணு போதும் டாக்டர். ஊசி எந்தக் கையில?"