ஜன்னல் சீட்டும் கிரேக்கக் கோபமும்

திருப்பதியில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். போன வருஷம் இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்குப் பழைய கிரேக்கக் காவியம் ஒன்றின் தொடக்கத்தை நடத்த வேண்டி வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று பயந்து, கதையை நடித்துக் காட்டச் சொன்னேன். தப்பு அங்கேதான் நடந்தது.

அந்தக் காவியம் போரின் முதல் நாளில் தொடங்குவதில்லை. ஒன்பது வருஷம் சண்டையிட்டுச் சலித்த படைக்குள், ஒருவனுடைய கோபத்தில் தொடங்குகிறது. சிறைபிடிக்கப்பட்ட தன் மகளை விட்டுவிடும்படி ஒரு பூசாரி வந்து கெஞ்சுகிறார். அவளை வைத்திருக்கும் படைத்தலைவனான ராஜா அவரை விரட்டியடிக்கிறான். பூசாரியின் சாமி படைமேல் கொள்ளைநோயை ஏவுகிறது. வேறு வழியில்லாமல் அவளை அனுப்பும் ராஜா, அந்த நஷ்டத்துக்கு ஈடாக, படையின் முதல் வீரனுக்குப் பரிசாகக் கிடைத்த பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். வீரன் கோபித்துக்கொண்டு, சண்டைக்கே போகாமல் கூடாரத்தில் ஒதுங்கிவிடுகிறான்.

"அந்தப் பொண்ணுங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா மேடம்?" என்றாள் நகரி ஊர்ப் பெண். தறிக்காரர் மகள். வாய் கொஞ்சம் அதிகம்.

"கேக்கல" என்றேன்.

அப்படியானால் பெண்ணைப் பறிக்கிற மாதிரி நடிக்க மாட்டோம், சீட்டைப் பறிக்கிறோம் என்று வகுப்பே தீர்மானித்தது. நகரிப் பெண் ராஜா. அவளோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருக்கும் சத்தியவேட்டுப் பெண் வீரன். ராஜா தன் சீட்டைப் பூசாரியாக நடித்தவளுக்கு விட்டுவிட்டு, வீரனின் ஜன்னல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பிரமாதமாக நடித்தார்கள். ஆனால் மறுநாளும் அவள் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"பாடத்துல ராஜா திருப்பித் தரலியே மேடம்!"

வீரன் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள். மூன்று நாள் வகுப்புப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் எதிரே, மடியில் வேர்க்கடலைப் பையோடு, சத்தியவேட்டுப் பெண்ணின் அம்மா.

"எம்பொண்ணு சரியா துன்னவே மாட்டேன்றா மேடம். போன்ல அழுதுக்கினே கீறா. யாரோ ராஜாவாம், அவ எடத்த புடுங்கிக்கினானாம்."

பிரின்சிபாலுக்குத் தமிழ் அரைகுறை. அவர் காதில் விழுந்தது ராஜு என்று ஒரு பையனின் பெயர். "எவரண்டி ஆ ராஜு?" என்று, யார் அவன் எனத் தெலுங்கில் என்னைப் பார்த்துக் கர்ஜித்தார். மகளிர் கல்லூரிக்குள் பையனை விட்டதற்கு எனக்கு மெமோ எழுதப் பேனாவையும் திறந்துவிட்டார்.

"பேரு இல்ல சார், நிஜ ராஜா. கிரேக்க நாட்டு ராஜா" என்று தெலுங்கில் விளக்கினேன்.

"இப்ப எங்க இருக்கான்?"

"எப்பவோ செத்துட்டான் சார்."

பேனாவை மூடினார். இரண்டு பெண்களையும் வரவழைத்தார்.

"ஒரு சீட்டுக்காடி ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்று அம்மா மகளைத் திட்டினாள். மகள் தலை குனிந்தாள். ஆனால் அழுதது ராஜாதான். "ரூம்லயும் எங்கூட பேச மாட்டேன்றா ஆன்ட்டி. வந்து கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

"நான் ஏன்டி கேக்கணும்? அது என் சீட்டு."

அம்மா இருவர் கையிலும் வேர்க்கடலையைத் திணித்தாள். வாய் நிறைந்ததும் சண்டை நின்றது. பிறகு என்னைக் கேட்டாள்: "அந்த வீரன் அப்புறம் இன்னா பண்ணான்?"

"கடலோரமா உக்காந்து அம்மாவக் கூப்பிட்டு அழுதான். அவங்க கடல் தேவதை. கடலுக்குள்ளருந்து வந்து, பெரிய சாமிகிட்ட சிபாரிசுக்குப் போனாங்க."

அவள் பிரின்சிபாலை ஒருமுறை பார்த்தாள். "பின்ன? பெத்தவ போவாம வேற யாரு போவா?"

ஊருக்குப் பஸ் வர நேரம் இருந்ததால் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தாள். பெரிய சாமி அந்தத் தாய்க்குத் தலையசைத்து வாக்குக் கொடுத்ததையும், "யாருகூட ரகசியம்?" என்று அவர் மனைவி பிடித்துக்கொண்டதையும் சொன்னபோது, "சாமி வூட்லயுமா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஜன்னல் சீட்டில் பெண்கள் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும்போது வாசலில் கேட்டாள்: "கடைசில யாரு கெலிச்சாங்க மேடம்?"

"அது சிலபஸ்ல இல்லம்மா. தொடக்கம் மட்டும்தான்."

"நல்லா கீது போங்க! சண்டைய மூட்டிவுடுறது மட்டும்தான் உங்க பாடமா?"