முப்பத்தாறு வோல்ட்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'தசமம்'. டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூட ஒன்றே முக்கால் என்பாள்.

மருந்தை உடலுக்குள் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவி ஒன்றில், தலைமுடியைவிட மெல்லிய தகடுதான் வால்வு. மின்னழுத்தம் கொடுத்தால் வளைந்து வழிவிடும். நிறுத்தினால் நிமிர்ந்து அடைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் மிஞ்சினால் ஒரேயடியாகக் கீழே ஒட்டிவிடும். மருந்து நிற்காமல் ஓடும். அந்த எல்லையைச் சமன்பாடு போட்டுச் சொல்வது அவள் வேலை. 'நாற்பத்திரண்டு வோல்ட் வரை பயமில்லை' என்று கையெழுத்திட்டிருந்தாள். கருவி ஓடியது முப்பத்தைந்தில்.

ஒரு மதியம், வேறு வேலைக்காகப் பழைய கணக்கைத் திறந்தபோது தவறு கண்ணில் பட்டது. தகட்டின் ஓரங்களிலும் மின்புலம் வளைந்து இழுக்கும். அகலத் தகடென்றால் அதை விட்டுவிடலாம், இது குறுகல். அவள் விட்டிருந்தாள். அதையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாள். முப்பத்தாறு. மூன்று முறை போட்டும் முப்பத்தாறுதான். கருவியின் மின்னழுத்தம் சற்றே ஏறினாலும் ஒட்டிவிடும். அறுபது கருவிகள் ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உடம்பில் இருந்தன.

வராந்தாவுக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "இது வேற யாருக்காவது தெரியுமா?"

அந்தக் கேள்வி அவளை இன்னும் பயமுறுத்தியது. போனை வைத்துவிட்டு நேரே பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், கணக்கு தப்பு. என் தப்புதான்."

"முதல்ல சோதிச்சுப் பாப்போம். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க."

"அதுக்குள்ள யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா? நீங்க சொல்லலன்னா நானே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடுவேன் சார்."

அவர் முறைத்தபடியே போனை எடுத்தார்.

மாலைக்குள் கருவிகள் கழற்றப்பட்டன. மறுநாள் ஆய்வகத்தில் ஒன்றை நுண்ணோக்கியடியில் வைத்து, வோல்ட்டை மெல்ல ஏற்றினார்கள். முப்பத்தாறைத் தாண்டியதும் தகடு படக்கென்று ஒட்டியது. மின்சாரத்தை நிறுத்தியும் நிமிரவில்லை.

"ஒட்டிக்கிச்சும்மா" என்றார் ஆய்வகக்காரர்.

திரும்பி வந்தவற்றில் ஒன்று முன்பே ஒட்டியிருந்தது.

"அதப் போட்டிருந்தவங்க?"

"நல்லாத்தான் இருக்காங்களாம்." தலைவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நம்பிக்கை வராமல் அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் நர்ஸிடம் அந்த நோயாளியைப் பற்றி விசாரித்தாள்.

"அந்தம்மாவா? மயக்கமா வருதுன்னாங்க, உடனே கழட்டிட்டோம். நேத்தே வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க என்ன வேணும் அவங்களுக்கு?"

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.